இரண்டாவது பெயர்

அலெக்ஸாந்தர் துமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் கட்டிய மாளிகையிலும் பட்ட கடனிலும் நின்றுவிடுகிறார்கள். நாம் பேச விரும்புவது 1845ஆம் ஆண்டைப் பற்றி.

துமா அடிப்படையில் நாடகக்காரர். ஓர்லியான் கோமகனின் அலுவலகத்தில் நகலெழுதிப் பிழைத்தவர், 1829இல் 'மூன்றாம் ஹென்றியும் அவன் அரசவையும்' கொமெதி பிரான்சேஸில் மேடையேறியதும் பாரிஸ் முழுக்கப் பேசப்பட்டார். ஹியூகோவின் 'எர்னானி' நாடகம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். இதை இலக்கிய வரலாறுகள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

வரலாற்று ஆசிரியரான ஒகுஸ்த் மக்கேயைத் துமாவிடம் அழைத்து வந்தவர் கவிஞர் நெர்வால். மக்கேயின் நாடகம் ஒன்றைத் துமா திருத்திக் கொடுத்தார். 1839இல் அது மக்கேயின் பெயரில் மட்டுமே அரங்கேறியது. பிறகு நாவல்கள். மக்கே பழைய நினைவுக் குறிப்புகளைத் தேடிப் படித்து, கதையைப் பின்னி, வரைவு எழுதித் தருவார். அதற்குத் துமா உயிர் கொடுப்பார். பாத்திரங்கள் வாய் திறந்தால் அங்கே பேசுவது நாடகக்காரத் துமாதான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் 'மூன்று மஸ்கடியர்கள்' 1844இல் 'ல சியேக்கிள்' நாளிதழில் தொடராக வந்தபோது இருந்தது ஒரே பெயர். பத்திரிகைக்கு விற்கும் பெயர் அது. மறு ஆண்டு மஸ்கடியர்கள் கதை நாடகமானபோதோ, துமா, மக்கே என இருவர் பெயரும் இருந்தன. அரங்கம் கொடுத்த நியாயத்தை அச்சு மறுத்தது.

அதே 1845இல்தான் மிர்கூர் என்பவர் துமாவை 'நாவல் தொழிற்சாலை' என்று தாக்கித் துண்டு நூல் வெளியிட்டார். துமாவின் பாட்டி செயின்ட் டொமிங்கோ தீவில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண். அந்த வம்சத்தையும் அவர் நிறத்தையும் இழிவுபடுத்துவதில்தான் மிர்கூருக்கு அக்கறை. மக்கேக்கு நீதி கேட்பதில் இல்லை. துமா வழக்குத் தொடுத்தார், மிர்கூர் சிறை சென்றார். ஆனால் நிறவெறியன் கையில் எடுத்த கேள்வி என்பதாலேயே நியாயமான அந்தக் கேள்வியும் கறைபட்டது. அந்த மார்ச்சில் மக்கே தன் உரிமைகளை விட்டுக்கொடுத்துக் கடிதம் எழுதினார்.

பின்னர் மக்கேயே வழக்குத் தொடுத்தபோது, 1858இல் நீதிமன்றம் அவருக்கு வருமானத்தில் பங்கு உண்டு என்றது. இணையாசிரியர் என்ற இடத்தை மறுத்தது. உழைப்புக்குக் கூலி உண்டு, பெயர் கிடையாது என்ற அந்தத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. 'மஸ்கடியர்கள்', 'மான்டி கிறிஸ்டோ' நாவல்கள் குறித்து இவ்விதழில் வரும் கட்டுரைகளில் இனி துமாவோடு மக்கேயின் பெயரும் இடம்பெறும்.