பழைய வீட்டு மச்சுக்கு ‘ஸ்பிரே ஃபோம்’ அடிக்கலாமா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலுக்கு எது சரிப்படும்?

வெயில் காலம் நெருங்கினாலே செல்போனில் ஒரு வீடியோ சுற்ற ஆரம்பிச்சிடும். முகக்கவசம் போட்ட ஒருவர், கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. மேற்கூரையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சி அடிக்கிறார். அடித்த இடமெல்லாம் நுரை பொங்கி, நொடிகளில் கெட்டியாகிவிடுகிறது. “இனி ஏசியே தேவையில்லை” என்று கீழே ஒரு வரி.

இதுதான் ஸ்பிரே ஃபோம். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளில் பழைய வீடுகளுக்கு அடிப்பது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தாத்தா கட்டிய மச்சு வீட்டில், இல்லையென்றால் ஷீட் போட்ட வாடகை வீட்டில் வேகும் ஒருவருக்கு இந்த வீடியோவைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. ஆனால், அங்கே வேலை செய்வது இங்கேயும் அப்படியே வேலை செய்யுமா?

முதலில், அது என்ன நுரை?

பெயர் புதுசு, பொருள் பழசு. உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுக்குள்ளேயே இருக்கு. பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் நுரை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்துப் பால் பண்ணைகளில் பாலைக் குளிர வைக்கும் டேங்குகளின் இரட்டைச் சுவருக்கு நடுவில் நிரப்புவதும் இதே வகை நுரைதான்.

ஐசோசயனேட், பாலியால் என்று இரண்டு ரசாயனத் திரவங்கள். இரண்டும் கருவியின் முனையில் கலந்ததும் பல மடங்கு பொங்கி இறுகும். உள்ளே லட்சக்கணக்கான நுண்ணிய குமிழிகள். வெப்பம் அதைக் கடந்து போக ரொம்பவே சிரமப்படும். ஒரு அங்குல நுரை தடுக்கிற வெப்பத்தைத் தடுக்க கான்கிரீட் என்றால் ஏறத்தாழ ஐந்தடி கனத்துக்குப் போட வேண்டும். ஆக, பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கே, எதன் மேல் அடிக்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

குளிர் நாட்டுக் கணக்கு வேறு

அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும். உண்டாக்கிய சூடு கூரை வழியாக வெளியே போகாமல் பிடித்து வைக்க வேண்டும், அதற்குத்தான் நுரை. இங்கே ஹீட்டர் நம் தலைக்கு மேலே வானத்தில் இருக்கு.

மே மாத மதியம் ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழும் வெயிலின் சக்தி சுமார் 1000 வாட். ஒரு அயர்ன் பாக்ஸ் இழுக்கும் மின்சாரம் அது. 500 சதுர அடி மாடி என்றால் சுமார் 46 சதுர மீட்டர். அதாவது 46 அயர்ன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்த மாதிரி. இந்தச் சூட்டைக் கான்கிரீட் பகல் முழுக்கக் குடித்து வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்கு மேல் மெதுவாக உள்ளே விடும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேன் போட்டாலும் அனல் காற்று இறங்குவது இதனால்தான்.

கூரையின் அடிப்பக்கம் நுரை அடித்தால் அந்த அனல் குறையும், உண்மை. ஆனால் மேலே தளம் அதே வெயிலில்தான் காயும். விரியும், சுருங்கும், வெடிப்பு விடும். அந்த வெடிப்பில் ஐப்பசி மழை இறங்கும். ஏசி இல்லாத வீட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. சமையல் சூடு, ஆட்களின் உடல் சூடு, சுவர் வழியாக வந்த சூடு எல்லாம் ராத்திரியில் கூரை வழியாகவும் கொஞ்சம் வெளியேறும். நுரை அந்த வழியையும் அடைக்கும். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால் நிலைமை இன்னும் மோசம்.

இங்கிலாந்தில் என்ன ஆச்சு?

குளிர் நாட்டிலேயே இது எல்லா வீட்டுக்கும் ஒத்துவரவில்லை. இங்கிலாந்தில் மரச்சட்டம் வைத்த ஓட்டுக்கூரைகளின் அடியில் நுரை அடித்தார்கள். 2020-ல் வந்த அரசின் பசுமை வீட்டு மானியத்திலும் இதற்கு இடம் இருந்தது. பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. மரம் நுரைக்குள் புதைந்துவிட்டதால் அது உளுத்திருக்கிறதா, ஈரம் கோத்திருக்கிறதா என்று வீட்டை மதிப்பிட வருபவரால் பார்க்க முடியவில்லை. விளைவு, ஸ்பிரே ஃபோம் அடித்த வீடு என்றாலே கடன் தரப் பல வங்கிகள் தயங்கின, சில மறுத்தேவிட்டன. வீட்டை விற்க வேண்டிய முதியவர்கள், அடித்ததைச் சுரண்டி எடுக்க மறுபடியும் செலவழித்தார்கள்.

அந்த ஊர் வங்கிக் கதை நமக்கு எதுக்கு என்று தோணலாம். நுரைக்குள் புதைந்த அந்த மரச்சட்டம்தான் நம்ம ஊர் மச்சு வீட்டிலும் இருக்கு.

மச்சு, ஓடு, ஷீட்: மூணும் ஒண்ணு இல்லை

சிமெண்ட் பரவலாவதற்கு முன் கட்டிய பழைய மச்சு வீடுகள் இரண்டு ஊரிலும் இன்னும் இருக்கின்றன. இன்ஜினியர்கள் இதை ‘மெட்ராஸ் டெரஸ்’ என்பார்கள். வரிசையாக மர உத்திரம், அதன் மேல் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கிய மெல்லிய செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள் கணக்கில் தட்டி இறுக்கிய காரை, கடைசியில் தட்டோடு. சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்தார்கள். கனமும் அதிகம், சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அந்தக் காலத்து இன்சுலேஷன் அதுவேதான்.

இதன் உயிர், மூச்சு விடுவதில் இருக்கு. சுண்ணாம்புக் காரை மழையில் கொஞ்சம் ஈரம் இழுக்கும், வெயிலில் வெளியே விடும். உத்திரமும் அப்படித்தான். அடியில் நுரை அடித்து மூடிவிட்டால் மேலிருந்து இறங்கிய ஈரம் மரத்தோடு தங்கிவிடும். கரையான் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் உத்திரம் தொங்கும்போதுதான் தெரியும். நூறு வருஷம் நின்ற கூரையை வாரண்டி அட்டையை நம்பி மூடக் கூடாது. மச்சு வீட்டுக்கு இது வேண்டவே வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஓட்டு வீட்டுக்கும் இதே பதில்தான். ஓடுகளுக்கு இடையில் உள்ள சந்துதான் சூட்டை வெளியேற்றுகிறது. நுரை அதை அடைத்து, ஓடுகளையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அப்புறம் குரங்கு உடைத்த ஒரே ஒரு ஓட்டை மாற்ற முடியாமல் கூரையையே பிரிக்க வேண்டி வரும். மலையடிவாரத்து ஜனங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை!

அடுத்தது சிமெண்ட் ஷீட். கூரை ஷீட் தயாரிக்கும் ராம்கோ குழுமம் பிறந்த ஊரே ராஜபாளையம்தான், அதனால் ஷீட் இங்கே யாருக்கும் புதிதல்ல. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் பேண்டேஜ் துணி ஓடும் தறிக்கூடங்களில் பகலெல்லாம் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு, கூரைச் சூடு என்பது வீட்டுப் பிரச்னை மட்டுமில்லை. ஷீட் மெலிசு, சூட்டை உடனே உள்ளே விடும். இங்கே நுரை நிஜமாகவே பலன் தரும். ஆனால் நுரை எரியக்கூடியது, எரிந்தால் வரும் புகை நஞ்சு. ஜிப்சம் போர்டு மாதிரி ஏதாவது தடுப்பால் மூடாமல், ஆள் குடியிருக்கும் இடத்திலோ பஞ்சுத் தூசி பறக்கும் இடத்திலோ அப்படியே விடக் கூடாது. அடிக்கும்போது வரும் ஐசோசயனேட் ஆவி நுரையீரலைப் பாதிக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். வீட்டில் ஆள் இருக்கும்போது அடிக்க வந்தால் திருப்பி அனுப்பிடுங்க.

ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பழைய ஷீட் என்றால் இன்னும் கவனம் தேவை. ஆஸ்பெஸ்டாஸ் நார் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. இந்தியாவில் அந்த ஷீட்டுக்குத் தடை இல்லை. கம்பி பிரஷ் போட்டுக் காய்ந்த ஷீட்டைத் தேய்ப்பதும், துளை போடுவதும்தான் நாரைக் காற்றில் கிளப்பும். சுத்தம் செய்வதானால் நனைத்து, மென்மையாக.

அப்போ, எது வேலை செய்யும்?

சூட்டை உள்ளே வந்தபின் தடுப்பதைவிட, மேலேயே திருப்பி அனுப்புவது மலிவு. பாசி பிடித்துக் கறுத்த கான்கிரீட் தளம் வெயிலில் 20, 30 சதவீதத்தைத்தான் திருப்பும். புதிதாக வெள்ளை அடித்த தளம் 70 சதவீதத்துக்கு மேல் திருப்பும். மேலே சொன்ன 46 அயர்ன் பாக்ஸில் முப்பதுக்கு மேல் சுவிட்ச் ஆஃப்! அறைக்குள் பொதுவாக 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை குறைவதாகக் கூல் ரூஃப் திட்டங்களில் சொல்லப்படுகிறது. கூரை, காற்றோட்டத்தைப் பொறுத்து இது மாறும்.

வானிலை மையம் வெப்பநிலை அளக்கும் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை பெயின்ட் அடித்து, நாலு பக்கமும் காற்று போக இடைவெளி விட்ட மரப்பெட்டி. ‘இன்று 40 டிகிரி’ என்று நாம் போடும் செய்தி அதற்குள் இருக்கும் வெப்பமானி சொல்வது. வெப்பமானிக்குக் கொடுத்த வசதி மனுஷனுக்கு இல்லாத ஷீட் வீட்டில் நிலவரமே வேறு.

சுண்ணாம்பு ரொம்ப மலிவு, ஆனால் ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும். வருஷா வருஷம் அடிக்கணும். கூல் ரூஃப் பெயின்ட் சில வருஷம் தாங்கும், ஆனால் தூசி படிந்தால் பலன் குறையும், கழுவ வேண்டும். கான்கிரீட் தளத்துக்கு, செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு வெள்ளைத் தட்டோடு பதிப்பது செலவு கூடினாலும் நீடிக்கும். இன்சுலேஷன் போட்டே ஆக வேண்டும் என்றாலும் தளத்துக்கு மேலே போட்டு, அதன் மேல் ஓடு பதிப்பதே நல்லது. தளமும் வெயிலில் இருந்து தப்பிக்கும். ஏசி அறைக்குப் போடுகிறவர்களுக்கு அந்தச் செலவு கரண்ட் பில்லில் திரும்பும்.

அரசு என்ன செய்கிறது?

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழ்நாடு அரசு. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அரசுப் பள்ளிகளில் கூல் ரூஃப் போடும் வேலையும் நடக்கிறது. தெலங்கானா மாநிலம் ஒரு படி மேலே போய், 2023-லேயே கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்து, 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையை வெள்ளையாக்க இலக்கு வைத்தது.

மத்திய அரசின் ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்கிற குடியிருப்பு விதி, கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்பைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கடத்தும். ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் கட்டும் புது வீடுகளுக்குத்தான். ஒன்றரை சென்ட்டில் இருக்கும் பழைய வீட்டைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இன்னொரு பக்கம், கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் குடிசைகள் கான்கிரீட் வீடாக மாற வேண்டும் என்பது இலக்கு. மழைக்கு ஒழுகாத, தீப்பிடிக்காத வீடு, நல்ல விஷயம்தான். ஆனால் கூரை வேய்ந்த குடிசை வெயிலுக்குக் குளிர்ச்சி, வெறும் கான்கிரீட் அப்படியில்லை. ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரும்போது, மேல் தளத்துக்கு ஒரு கோட் வெள்ளையையும் கட்டாயமாக்கினால் கூடும் செலவு சொற்பம். நிவாரணத் தொகைக்கு வேலையே வராமல் பார்ப்பது இதுதான்.

வாடகை வீட்டில் இருப்பவர் பாடுதான் திண்டாட்டம். வெள்ளை அடித்தால் வீட்டுக்காரருக்குத்தான் லாபம், அடிக்காவிட்டால் நமக்குத்தான் வேக்காடு. சுண்ணாம்பு, தூரிகை, ஒருநாள் கூலி என்ற அளவில் பேசி, வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிப் பார்க்கலாம். தளத்துக்கு ஒழுகல் பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கும்படி கூல் ரூஃப் பெயின்ட் என்றால் வீட்டுக்காரர்கள் காது கொடுப்பார்கள்.

அடிக்கிற நேரமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, தளத்தின் ஈரம் காய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன். மாசி மாதம் சரியாக இருக்கும். முதலில் வெடிப்புகளை அடைச்சிடுங்க, பாசியைத் தேய்த்துக் கழுவி ஒருநாள் முழுக்கக் காய விடுங்க. வெள்ளையை ஒரே தடவை தடியாக அடிக்காமல், இரண்டு தடவை மெல்லிசாக அடிக்கணும். காலையில் ஏறி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் இறங்கிடுங்க.