அழகுக்கு விழுந்த வலை

திருவிதாங்கூர் மலையடிவாரத்தில் கிடைத்த ஒரு சிறு மீனை 1865இல் அறிவியல் உலகுக்கு விவரித்த பிரான்சிஸ் டே, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார். சாணுக்கும் குறைந்த உடல். மூக்கிலிருந்து கண்ணைக் கடந்து ஓடும் செங்கோடு. அதன் கீழே ஒரு கருங்கோடு. அந்த அழகே அதற்குக் கேடாய் முடிந்தது. ‘மிஸ் கேரளா’ என்று பட்டம் கட்டி, கண்ணாடித் தொட்டிகளுக்காக அதைக் கடல் கடந்து அனுப்பினார்கள். 2005 முதல் 2012 வரை இவ்வாறு ஏற்றுமதியானவை 3 இலட்சத்துக்கும் மேல். இம்மீனையும் இதன் நெருங்கிய உறவான சாலக்குடி மீனையும் சேர்த்து, 2013இல் ‘சஹ்யாத்ரியா’ என்னும் தனிப் பேரினம் வகுத்தனர். பேரினத்தில் இருப்பவை இவ்விரண்டே. இரண்டும் அழியும் ஆபத்தில் உள்ளவை.

அரசு வாளாவிருந்ததா? இல்லை. 2008இல் கேரள அரசு ஆணை பிறப்பித்தது. ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிடிக்கலாகாது என்றது. ஆனால் இம்மீன் இனம் பெருக்குவதோ அக்டோபர் தொடங்கி மார்ச் வரை! அக்டோபர் தப்பியது, மற்ற ஐந்து மாதங்கள்? சினை மீன் சனவரியில் வலையில் விழுந்தால் அந்தக் காலத்தடை அதைக் காக்கவில்லை. இத்தகைய ஆணையைவிட ஆணையே இல்லாதிருப்பது மேல் என்பேன். ஆணை இல்லையென்றால் கேள்வியாவது எழும்; இருந்தால் ‘பாதுகாப்புத்தான் இருக்கிறதே’ என்று வாய் அடைபடும்.

‘இப்போது பண்ணைகளில் வளர்க்கிறார்களே’ என்பர் சிலர். வளர்க்கட்டும். பண்ணை மீனால் தொட்டி நிறையும்; ஆறு நிறையாது.

இது அண்டை மாநிலத்துக் கதையென்று நாம் ஒதுங்கவும் வழியில்லை. சாலக்குடி ஆற்றின் மேற்கிளைகளில் ஓடும் நீரைப் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் மலையைக் குடைந்து கிழக்கே திருப்புகிறது. அதில்தான் கோவை, திருப்பூர் வட்டாரங்களின் வயல்கள் விளைகின்றன. அந்நீரை நிறுத்துங்கள் என்று ஓர் உழவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கில்லை, சொல்வது நியாயமுமன்று. ஆயினும் உனக்கு இத்தனை டி.எம்.சி., எனக்கு இத்தனை டி.எம்.சி. என்று இரு மாநிலங்களும் பேரம் பேசும் மேசையில், ஆறு ஆறாக ஓடுவதற்கு இத்தனை என்று ஒரு பங்கு ஒதுக்கக் கேட்பது நியாயமே. அதைக் கேட்க வேண்டியவர் அந்நீரை உண்டு வாழும் நாம்தாம்.