நோயுற்ற குழந்தைக்கு எந்தப் பாட்டு?

குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் ஆண்டு நிறைவு இசை விழா குறித்து அதன் ரசிகர்கள் இரு அணியாகப் பிரிந்து நிற்பதைப் பற்றி, மருத்துவமனை இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். அவ்விரு அணியினரின் வாதத்திற்குள், குழந்தையின் படுக்கையருகே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு பெற்றோரும் விடை காண வேண்டிய ஒரு கேள்வி அடங்கியிருக்கிறது. அதனாலேயே இதனை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சி 1969ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் தொடங்கியது. பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கு, குறிப்பாக வசதியற்ற வீட்டுக் குழந்தைகளுக்கு, எழுத்தையும் எண்ணையும் தொலைக்காட்சி வழியே கொண்டு சேர்ப்பது அதன் நோக்கம். ஜிம் ஹென்சனின் மப்பெட் பொம்மைகள் அதற்கு முகம் தந்தன. ஜோ ரபோசோ, ஜெஃப் மாஸ் ஆகியோரின் பாடல்கள் அதற்குக் குரல் தந்தன. எர்னி என்னும் பொம்மை தன் குளியல் தொட்டி வாத்தைப் பற்றிப் பாடிய பாட்டு, 1970இல் பில்போர்டு இசை வரிசையில் 16ஆம் இடம் வரை ஏறியது.

அந்நிகழ்ச்சியின் 30ஆம் ஆண்டை ஒட்டி, 1998 பிப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சியில் ‘எல்மோபலூசா’ என்னும் இசை விழா ஒளிபரப்பானது. விழாவைத் தொகுத்து வழங்க வந்த ஜான் ஸ்டூவர்ட்டை எல்மோ தவறுதலாக ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட, பொம்மைகளே விழாவை நடத்த நேரிடுவதுதான் கதை. குளோரியா எஸ்டெஃபான், ஃபியூஜீஸ் குழுவினர், ஸ்டீவன் டைலர், ஷான் கால்வின் எனப் புகழ் பெற்றோர் பலர் குழந்தைப் பாடல்களைத் தத்தம் பாணியில் பாடினர். அதன் இசைத்தொகுப்பு, குழந்தைகளுக்கான சிறந்த தொகுப்பு என்று 1999இல் கிராமி விருதும் பெற்றது.

விருது கிடைத்ததனால் வாதம் ஓயவில்லை. பழைய ரசிகர்களில் ஒரு சாரார், இவை எங்கள் பாடல்களே அல்ல என்கின்றனர். குப்பைத் தொட்டிக்குள் வாழும் ஆஸ்கர் கரகரத்த குரலில் பாடினால்தான் குப்பைப் பாட்டுக்கு அழகு; அதனை ராக் பாடகர் உரத்துப் பாடுவானேன் என்பது அவர்கள் கேள்வி. பல்லாண்டு பழகிய பாத்திரங்களைவிட எல்மோவே முன்னிற்பதும் அவர்களுக்கு உவப்பாக இல்லை. மறுசாராரோ, பாடல்கள் புதிய குரலில் ஒலிப்பதால்தான் அடுத்த தலைமுறையை அடைகின்றன என்கின்றனர்; பெற்றோரும் குழந்தையும் ஒன்றாக அமர்ந்து ரசிக்க இயன்றதே அவ்விழாவின் வெற்றி என்றும் கூறுகின்றனர்.

இரு சாராரும் ஒருசேர எண்ணிப் பார்க்க வேண்டிய பாட்டு ஒன்று அவ்விழாவில் உண்டு. நிலவுக்கும் கடலுக்கு அடியிலும் சென்று பார்க்க ஆசைதான், ஆயினும் அங்கேயே தங்கிவிட மனமில்லை, வீடு திரும்ப வேண்டும் என்னும் பொருளில் எர்னி பாடும் பாட்டு அது. இயற்றியவர் ஜெஃப் மாஸ். முதலில் அதனைப் பாடிய எர்னியின் குரல் ஜிம் ஹென்சனுடையது. கடுமையான பாக்டீரியாத் தொற்றினால் அவர் 1990ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், தம் 53ஆம் வயதில், நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் காலமானார். ஆகவே 1998 விழாவில் ஷான் கால்வினுடன் இணைந்து பாடிய எர்னிக்கு ஸ்டீவ் விட்மயர் என்னும் வேறொருவர் குரல் கொடுத்தார். பாட்டு அதுவே, பொம்மையும் அதுவே, குரல் மட்டும் வேறு. ஹென்சனின் குரலைக் கேட்டு வளர்ந்தோர்க்கு அது ஒரு பிரிவாகவே பட்டிருக்கும். விட்மயரின் குரலையே முதன்முதல் கேட்ட குழந்தைக்கோ, அதுவே எர்னியின் இயற்கையான குரல்.

நமது கருத்து இங்கிருந்துதான் எழுகிறது. எந்தக் குரல் சிறந்தது என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. எந்தக் குரல் யாருக்குப் பழக்கமானது என்பதே நோயுற்றவரைப் பொறுத்தவரை பொருளுள்ள கேள்வி.

மருத்துவமனைக்குள் வரும் குழந்தைக்கு அடுத்த நொடியில் என்ன நடக்கும் என்பது தெரியாது. கதவைத் திறந்து வருபவர் உணவு கொண்டுவருகிறாரா, ஊசி கொண்டுவருகிறாரா என்பதும் தெரியாது. அத்தகைய இடத்தில், பழகிய பாட்டு ஒன்று மட்டும் அடுத்த அடி எதுவென்று குழந்தைக்குத் தெரிந்த பொருளாக இருக்கிறது. எங்கே தாளம் மாறும், எங்கே எர்னி சிரிப்பான், எங்கே பாட்டு முடியும் என்பதனைத்தையும் அது அறியும். ரத்தம் எடுக்கும்போதோ டிரிப்ஸ் ஏற்றும்போதோ குழந்தையின் கவனத்தை வேறு பக்கம் திருப்புவது, ஊசியினால் உணரப்படும் வலியைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. வலியை உணர்வது மூளை. மூளையின் கவனம் வேறோரிடத்தில் ஈடுபட்டிருக்கும்போது வலிக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. பழகிய பாட்டு அப்பணியை எளிதாகச் செய்கிறது என்பது நாம் வார்டில் காண்பது.

எனவே, பழைய குரலுக்காக வாதாடும் ரசிகரை வெறும் ஏக்கம் கொண்டவர் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. அவர் சொல்வதில் மருத்துவ உண்மை இருக்கிறது. அதே வேளையில் மறுசாராரின் வாதத்தையும் நாம் மதிக்கிறோம். பெற்றோர் உடன் அமர்ந்து பார்க்கையில் குழந்தை கூடுதலாகக் கற்கும் என்பதனால், பெரியவர்களுக்கும் சுவையூட்டும் பாடகர்களையும் நகைச்சுவையையும் செசமி ஸ்ட்ரீட் தொடக்கம் முதலே திட்டமிட்டுச் சேர்த்து வந்திருக்கிறது. படுக்கையருகே இரவு பகலாகக் கண்விழிக்கும் தாய்க்கும் ஒரு பாட்டு தேவைதான். அவரும் சேர்ந்து முணுமுணுக்கக்கூடிய பாட்டெனில் இருவருக்கும் ஆறுதல். எனினும் இருவரின் விருப்பமும் முரண்படும் வேளையில், தேர்வு செய்யும் உரிமை படுக்கையில் இருப்பவருக்கே உரியது என்பது நமது உறுதியான கருத்து.

இக்கருத்தை முன்வைத்துச் சிலவற்றை உடனிருப்போரிடம் கேட்டுக்கொள்கிறோம்.

குழந்தையைச் சேர்க்கும்போது ஒவ்வாமை, உண்டுவரும் மருந்து ஆகியவற்றைச் சொல்வதுபோல, அதற்குப் பிடித்த பாட்டையும் செவிலியரிடம் சொல்லுங்கள். பாட்டின் பெயர் மட்டும் போதாது, யார் குரலில் என்பதையும் சொல்லுங்கள். குழந்தை கேட்டுப் பழகியது பாட்டியின் குரலெனில், பாட்டியின் குரலைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுவருவதே நலம். புகழ் பெற்ற பாடகரின் பதிவு அதற்கு ஈடாகாது.

அடுத்தது, பலரும் எண்ணிப் பாராதது. உறங்க வைக்கும் பாட்டை ஊசி போடும் வேளைக்குப் பயன்படுத்தாதீர்கள். வலி வரும்போதெல்லாம் ஒரே பாட்டு ஒலித்தால், நாளடைவில் அந்தப் பாட்டைக் கேட்டதுமே குழந்தை அஞ்சத் தொடங்கும். வீட்டில் எஞ்சியிருந்த ஆறுதல் ஒன்றும் அதனால் பறிபோகும். சிகிச்சை வேளைக்கெனத் தனியே ஒரு பாட்டைக் குழந்தையுடன் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். அதனையும் வலியில்லாத விளையாட்டு நேரங்களில் அவ்வப்போது கேட்கச் செய்யுங்கள். உறக்கப் பாட்டு உறக்கத்திற்கு மட்டும் இருக்கட்டும்.

பாட்டு நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிடுங்கள். நோயுற்ற குழந்தை “வேண்டாம்” என்று சொல்லிப் பலிக்கக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. இது அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். பாட்டு முடிவதற்குள் ஊசியும் முடிந்துவிடும் என்று உறுதி கூறாதீர்கள். முடியாமற்போனால் குழந்தை அடுத்த முறை உங்கள் சொல்லையும் நம்பாது, எங்கள் சொல்லையும் நம்பாது. ஒலியைத் தாழ்வாக வைத்துக்கொண்டால் பக்கத்துப் படுக்கையினர் உறங்க இயலும். கண்காணிப்புக் கருவியின் எச்சரிக்கை ஒலியும் காதில் விழும்.

பாட்டு மருந்துக்கு மாற்றாகாது என்பதையும் வலியுறுத்த விரும்புகிறோம். தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு, வலிநீக்கி மருந்து ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள். பாட்டைக் கேட்டு அமைதியாகக் கிடக்கும் குழந்தைக்கு வலியே இல்லை என்று நாமாக முடிவு செய்துவிடுவதும் தகாது.

முதியோருக்கும் இது பொருந்தும். மறதி நோயால் மக்களின் பெயர்களை மறந்தோரும், இளமையில் கேட்ட பாட்டின் அடுத்த வரியைத் தாமாகவே தொடர்வதுண்டு. அவர்களுக்குத் தேவை இன்றைய இசையமைப்பில் மெருகேறிய பதிப்பு அன்று. அன்று வானொலியில் கேட்ட அதே குரல்.

மருத்துவமனைகளில் விழா நாட்களில் கலைஞர்களை அழைத்துக் குழந்தைகளை மகிழ்விப்பது நல்ல வழக்கம். அவ்வேளையில் எல்மோபலூசாவிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அங்கே புகழ் பெற்ற பாடகர்கள் குழந்தைகளின் பாடல்களைத் தேடி வந்தனர்; தங்கள் வெற்றிப் பாடல்களைக் குழந்தைகள் மீது சுமத்தவில்லை. வார்டுக்கு வரும் கலைஞர்களிடமும் அமைப்பாளர்கள் முன்னதாக ஒரு பட்டியலைத் தரட்டும். அந்தப் பட்டியல் குழந்தைகள் சொன்னதாக இருக்கட்டும்.

நிலவுக்குப் போய் வர ஆசைப்படும் எர்னிக்கு அந்தப் பயணம் அவனே விரும்பியது. இங்குள்ள குழந்தைகளில் எவரும் விரும்பி வந்தவரல்லர். அவர்கள் வீடு திரும்பும்வரை வீட்டின் ஒலி ஒன்றேனும் அவர்கள் அருகே இருக்கட்டும். அது எது என்பதை அறிந்தவர்கள் நீங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்.