ரெக்கார்டு நோட்டில் பிறந்த குழந்தைகள்

போன பொங்கலுக்குத் திருமங்கலத்தில் சித்தி வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, சித்தி மகளின் ரெக்கார்டு நோட்டு கிடைத்தது. பி.எஸ்சி. நர்சிங்கில் பிரசவப் பாடத்துக்காக எழுதிய கேஸ் புக். பிரவுன் அட்டை, சிவப்பு மையில் தலைப்பு, பக்கத்துக்குப் பக்கம் மேடத்தின் கையெழுத்து. சும்மா புரட்டினேன். அவள் கையால் பார்த்ததாக 20 சுகப்பிரசவங்கள். டேட்டாவை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் என் கண் எண்களுக்குத்தான் போகும். 20 குழந்தைகளில் 13 பேர் 2.8 கிலோ. எல்லோருக்கும் முதல் நிமிட அப்கார் 8, ஐந்தாவது நிமிடம் 9. ஒரு குழந்தைகூட அழாமல் பிறக்கவில்லை. ஒரு தாய்க்குக்கூட ரத்தப்போக்கு அதிகமாகவில்லை.

"இம்புட்டு நல்ல ஆஸ்பத்திரி எங்கம்மா இருக்கு?" என்றேன்.

சிரித்தாள். "சீனியர் நோட்டைப் பாத்து எழுதுனதுண்ணே. அவங்க அவங்களோட சீனியர் நோட்டைப் பாத்து எழுதுனாங்க. நான் கிட்ட நின்னு பாத்தது நாலு. கை வச்சது ஒன்னு. அதுவும் சிஸ்டர் கை மேல என் கைய வச்சேன், அவ்வளவுதான்."

எங்கள் தொழிலில் இதற்கு டம்மி டேட்டா என்று பெயர். சாஃப்ட்வேரைச் சோதிக்க நாங்களே உருவாக்கிக்கொள்வது. அதை வைத்து யாருக்கும் சம்பளம் போட மாட்டோம். இங்கே அதை வைத்துப் பட்டம் கொடுக்கிறோம். கவுன்சிலில் நர்ஸ் என்றும் மிட்வைஃப் என்றும் சேர்த்தே பதிவும் செய்கிறோம்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கல்லூரியில் ஆண்டுக்கு 60 பேர். தலைக்கு 20 என்றால் 1,200 சுகப்பிரசவம். ஐந்து கல்லூரிகள் ஒரே அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் விட்டால் 6,000. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 36 சதவீதம். அப்படியானால் அந்த ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்டுக்கு 9,300-க்கு மேல் குழந்தைகள் பிறந்தாக வேண்டும். அதிலும் ஹவுஸ் சர்ஜன், பிஜி டாக்டர், டிப்ளமோ நர்சிங் பிள்ளைகள் யாரும் கை வைக்கக் கூடாது! பிள்ளைகள் நேர்மையாக இருந்திருந்தால் ஃபெயில்தான் ஆகியிருப்பார்கள். பொய் எழுதுவதைத் தவிர வேறு வழி விடாத ஒரு விதியைப் போட்டுவிட்டு, பொய் எழுதியவளை மட்டும் நாம் எப்படிக் கேட்பது?

மதுரைக்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. 2019 ஜனவரியில் தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2022-ல் முதல் பேட்ச் மாணவர்கள் ராமநாதபுரத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி இல்லாமல் என்னத்தைப் படிப்பார்கள் என்று ஊரே கேட்டது. 2021 தேர்தலில் ஒரு செங்கல் பிரச்சார மேடைகளை எல்லாம் சுற்றி வந்தது. சரியான கேள்விதான். டாக்டருக்குப் படிக்கிறவர்கள் விஷயத்தில் நமக்கு வந்த அந்தக் கோபம், ரிங் ரோட்டுப் பொட்டலில் ஒரு பில்டிங்கையும் ஒரு பஸ்ஸையும் காட்டி நர்சிங் சீட் விற்கும்போது ஏன் வரவில்லை? படிக்க வருகிறவர்கள் உசிலம்பட்டி, மேலூர், பேரையூர்ப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் என்பதாலா?

இன்ஸ்பெக்ஷன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. இன்ஸ்பெக்ஷனில் கட்டடத்தின் அளவு பார்ப்பார்கள், லேபில் பொம்மைகளை எண்ணுவார்கள், ஆசிரியர் பட்டியலைச் சரிபார்ப்பார்கள். எல்லாம் ஒரு நாளில் காட்டிவிடக்கூடியவை. மத்தியப் பிரதேசத்தில் நர்சிங் கல்லூரிகளைப் பற்றி வழக்கு வந்து, உயர் நீதிமன்றம் சிபிஐயை அனுப்பியது. 308 கல்லூரிகளைப் பார்த்துவிட்டு 169 மட்டும் சரி என்றார்கள். அந்தச் சரியிலும் கோளாறு. நல்ல ரிப்போர்ட் எழுத லஞ்சம் வாங்கியதாக 2024 மே மாதத்தில் தன் சொந்த அதிகாரிகளையே சிபிஐ கைது செய்தது. தேறிய 169-ஐயும் திரும்பச் சோதிக்கச் சொன்னது நீதிமன்றம். தமிழ்நாடு அவ்வளவு மோசமில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒரு நாள் விருந்தாளியாக வந்து போகிறவர் எழுதும் தாளை நம்பும் ஏற்பாடு அங்கும் இங்கும் ஒன்றுதான்.

2021-22-ல் இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தை மாற்றியது. செமஸ்டர் முறை, திறன் ஆய்வகம், நிலையம் நிலையமாகப் போய்ச் செய்துகாட்டும் ஆஸ்கி தேர்வு எல்லாம் வந்தன. ஆஸ்கி 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்தியது. நல்ல தேர்வு முறை. பொம்மையில் பழகுவதையும் நான் கேலி செய்யவில்லை. நேரடி வார்டு பயிற்சியில் பாதிவரை சிமுலேஷனுக்கு மாற்றினாலும் தரம் குறையவில்லை என்று 2014-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் அதில் பயிற்சி பெற்ற ஆசிரியர் பக்கத்தில் நின்றார், முடிந்ததும் உட்காரவைத்துத் தவறுகளைப் பேசினார். மிச்சப் பாதி நிஜ நோயாளிகளிடம் நடந்தது. நம்மூரில் என் சித்தி மகள் பார்த்த பொம்மை பாலிதீன் கவர் பிரிக்காமல் பீரோவில் இருந்தது. "தொட்டா மேடம் திட்டுவாங்கண்ணே, ரேட்டு ஜாஸ்தி."

படித்து முடித்து இரண்டு வருடம் கழித்து அவளுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. தமிழ்நாட்டில் இந்த 24 மணி நேரப் பிரசவ சேவை நடப்பதே ஷிஃப்ட் போட்டு வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்சுகளால்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர் போனில்தான் இருப்பார். அவள் சேர்ந்த இரண்டாவது வாரம், அப்படி ஒரு ராத்திரியில் பிறந்த குழந்தை அழவில்லை. உடம்பு நீலம். ரெக்கார்டு நோட்டில் எல்லாக் குழந்தைகளும் பிறந்ததும் அழுதிருந்தன. நிஜத்தில் ஆம்பு பேக்கை முகத்தில் எந்தப் பக்கமாக வைப்பது என்பதே ஒரு நொடி மறந்துபோனது. கூட இருந்த ஆஸ்பத்திரிப் பணியாளர் அக்காதான், "துடைச்சுவிட்டு முதுகத் தேய்டி, அப்புறம் பேக்க அமுக்கு" என்று அதட்டியிருக்கிறார். 20 வருஷமாகப் பிரசவ அறையைக் கழுவிவிடுகிறவர். குழந்தை அழுதது. இவள் பாத்ரூமுக்குப் போய் அழுதாள்.

குழந்தை பிழைத்ததால் இது ஒரு கதையாக என்னிடம் வந்தது. பிழைக்காமல் போயிருந்தால் பேப்பரில் "செவிலியரின் அலட்சியம்" என்று வந்திருக்கும். உறவினர்கள் ரோட்டை மறித்திருப்பார்கள். அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டவர் பெயரோ, அத்தனை சீட்டுக்கு அனுமதி கொடுத்தவர் பெயரோ எங்கேயும் வந்திருக்காது.

செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி தளத்தில் ஆர்சிஎச் எண் உண்டு. அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ்கூட வாங்க முடியாது. மாணவியின் லாக் புக்கில் பிரசவத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். பெயர், விலாசம் எதுவும் வேண்டாம். எண்ணும் தேதியும் நேரமும் பொருந்துகிறதா என்று எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் சரிபார்க்கட்டும். ஒரே பிரசவத்தை 14 பேர் எழுதியிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். சரிபார்க்கும் நிரலை எழுத ஒரு ஜூனியருக்கு ஒரு வாரம் போதும். (மிகைப்படுத்தவில்லை. அரசு டெண்டருக்குப் போனால் மூன்று வருடம் ஆகும் என்பது வேறு விஷயம்.)

எண்ணிக்கை குறைவாகவே இருக்கட்டும். 20 பொய்யை விட 5 நிஜம் மேல். ஆனால் அந்த ஐந்துக்கும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். இப்போது அந்த வேலை வார்டு சிஸ்டர் தலையில் ஓசியில் விழுகிறது. தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த அரசு நர்சுகள் 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் போராட உட்கார்ந்தபோது மாதச் சம்பளம் 7,700 ரூபாய். அந்தச் சம்பளத்தில் வார்டையும் பார்த்து, அடுத்தவர் கல்லூரிப் பிள்ளைக்கும் கற்றுக்கொடு என்றால் யார் செய்வார்? கல்லூரி வாங்கும் ஃபீஸில் ஒரு பங்கு அவருக்குப் போக வேண்டும்.

அப்புறம் சீட்டு. எத்தனை பிரசவம், எத்தனை படுக்கை, எத்தனை சொல்லிக்கொடுக்கும் கை இருக்கிறதோ அத்தனை சீட்டுதான். இதைச் சித்தி மகளிடம் சொன்னேன்.

"அப்படிப் பாத்தா நான் படிச்ச காலேஜே இருக்காதுண்ணே" என்றாள்.

"ஆமா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. நோட்டைப் பழைய பேப்பர் கட்டோடு போடவா என்று சித்தி கேட்டாள். வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.