வாடகையைப் பார்க்குமுன் வீதியைப் பாருங்கள்



சென்ற மாதம் ஒரு மாலை, தனியார் ஆலையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்ற ஒருவர் தம் துணைவியாருடன் பங்கு இல்லத்துக்கு வந்திருந்தார். சேமநிதியும் பூர்வீக நிலம் விற்ற பணமுமாக அவரிடம் 40 இலட்சம் ரூபாய் இருந்தது.

"சாமி, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடை விலைக்கு வருகிறது. மாதம் 20,000 வாடகை. வாங்கிவிடலாமா?" என்றார். அம்மையாரோ வீடுதான் வேண்டுமென்றார். வேலைக்குச் செல்ல இயலாத மகளொருத்தி அவர்களுக்கு உண்டு. தமக்குப் பின் அவளுக்குச் சோறிடுவது எது என்பதே இருவர் உள்ளத்தையும் அரித்த கவலை.

தாளெடுத்துக் கணக்கிட்டோம். அதே விலைக்கு வாங்கும் வீட்டுக்கு அவ்வூரில் மாதம் 10,000 கிடைக்கும், ஆண்டுக்கு 1,20,000. ஒரு மாதம் ஆளின்றிக் கிடந்தால் 10,000 போயிற்று. சொத்து வரி, வெள்ளையடிப்பு, குழாய்ப் பழுது என்று 14,000 போயிற்று. எஞ்சுவது 96,000, அதாவது நூற்றுக்கு 2.40. வங்கி வைப்புநிதியே இதைவிடக் கூடுதல் தரும். கடையோ செலவு போக்குமுன் நூற்றுக்கு 6 தருகிறது. அப்படியானால் கடைதானே சிறந்தது?

அவசரப்பட வேண்டாம். வீட்டுக்கு ஆள் போனால் ஓரிரு மாதத்தில் மற்றொரு குடும்பம் வரும். கடை பூட்டப்பட்டால் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடப்பதும் உண்டு. கடை வாடகையைத் தருவது சுவரன்று. வாசலைக் கடந்து செல்லும் கால்களே. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறியதும், கோயம்பேட்டில் பயணிகளை நம்பியிருந்த கடைகளின் வியாபாரம் சுருங்கிற்று. கட்டடம் அசையவில்லை, கூட்டம் இடம்பெயர்ந்தது.

வீட்டுக்கும் இவ்வுண்மை பொருந்தும். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவன ஊழியரை நம்பி வாங்கப்பட்ட அடுக்குமாடி வீடுகள் பல, 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது அவர்கள் சொந்த ஊர் சென்றதும் காலியாயின. ஒரே தொழிலை நம்பிய பகுதி அத்தொழிலோடு எழும், அதனோடு விழும். மருத்துவமனை, கல்லூரி, சந்தை, இரயில் நிலையம் எனப் பல காரணங்களுக்காக மக்கள் நாடும் பகுதி அத்துணை எளிதில் வெறுமையாவதில்லை.

எனவே, வாங்கும் முன் அவ்வீதியில் மும்முறை நடந்து பாருங்கள்: காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, அடைமழையில் ஒரு முறை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்துவிடலாகாது. கோடையில் தண்ணீர் எப்படி என்று நான்கு வீடுகளில் கேளுங்கள். தரகர் சொல்லாததை அண்டை வீட்டார் சொல்வர்.

குடியமர்த்தும்போது ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்ளுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் இதனைக் கட்டாயமாக்கியுள்ளது. நல்ல குடித்தனக்காரரை ஐந்நூறு ரூபாய்க்காக இழக்காதீர்கள். மாதம் 500 உயர்த்தினால் ஆண்டுக்கு 6,000 வரவு. அதனால் அவர் வெளியேறி ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் 10,000 நட்டம். இரக்கமும் கணக்கும் இங்கே ஒரே விடை தருகின்றன.

அத்தம்பதியருக்கு நான் கூறியது இதுவே: முழுப் பணத்தையும் ஒரே கதவுக்குள் வைக்காதீர்கள். பாதியில், நீங்கள் நடந்தே சென்று பார்த்து வரக்கூடிய தொலைவில், அரசு மருத்துவமனைக்கு அருகே ஒரு சிறு வீடு. மறுபாதி மகள் பெயரில் வங்கியில். வருமானம் சற்றுக் குறையலாம். ஆனால் ஒரு பேருந்து நிலையம் இடம் மாறியதற்காக அவள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

அம்மையார் கணவரைப் பார்த்தார். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாளைக் காலை அந்த வீதிக்கு முதல் நடை போய் வருகிறோம், சாமி" என்றார்.