ரேடியோ செட்டும் ஒரு சஸ்பெண்ட் ஆர்டரும்

கருகின வாசனையில் பல ரகம் உண்டு. அடிப்பிடித்த பால். இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்ட சட்டைக் காலர். குமுளி மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸின் பிரேக். இந்த வரிசையில், தேனி - கம்பம் பக்கத்து மூக்குகளுக்கு மட்டும் ஸ்பெஷலாகப் பழக்கமான இன்னொன்று இருக்கிறது: ஆம்ப்ளிஃபயருக்குள் ரெசிஸ்டர் கருகும் வாசனை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தப் பக்கம் மைக் செட்டுக்கு ரேடியோ செட் என்று பெயர். 'கல்யாண வீட்ல ரேடியோ கட்டியாச்சா?' என்று கேட்டால், வாசலில் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிட்டதா என்று அர்த்தம். அதில் ரேடியோ இருக்காது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவிலிருந்து காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சிக் கூட்டம் வரை எதுவும் அது இல்லாமல் நடக்காது. பண்ணைப்புரத்து பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் மலையேறிப் போய்ப் பாடிப் பிரசாரம் செய்ததெல்லாம் சரித்திரம். மைக்கோடு இந்தப் பள்ளத்தாக்குக்கு அப்படியொரு பழைய உறவு.

சரி, வாசனைக்கு வருவோம். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது 'டொப்'. மெல்லிசாகப் புகை. செட்டுக்காரர் மூடியைக் கழற்றுகிறார். உள்ளே வரிசையாக இருக்கிற சாமான்களில் ஒன்று மட்டும் தீபாவளிக்கு மறுநாள் லட்சுமி வெடி மாதிரி கறுத்துக் கிடக்கிறது. 'கண்டுபிடிச்சாச்சுண்ணே, இந்த ரெசிஸ்டர்தான்!' கத்தரித்து எறிந்துவிட்டுப் புதுசாக ஒன்றைப் பற்றவைத்து, ஸ்விட்சைப் போடுகிறார்.

மறுபடி 'டொப்'.

நான் பி.காம். எனக்கு இதைப் புரிய வைத்தது எலெக்ட்ரானிக்ஸ் புத்தகம் இல்லை, ஆபீஸ்தான். கல்லாவில் பணம் குறைந்தால் முதலில் சஸ்பெண்ட் ஆவது யார்? கேஷ் கவுன்ட்டர் கிளார்க். ஏனென்றால் பணம் அவர் கை வழியாகப் போயிருக்கிறது, கையெழுத்து அவருடையது, முகத்தில் கரி அவருக்குத்தான். பணத்தை எடுக்கச் சொன்னவர் ஏ.சி. ரூமில் ஆரோக்கியமாக இருப்பார். ரெசிஸ்டர் அந்த கிளார்க். கரன்ட் அவர் வழியாகப் போனது, அவ்வளவுதான். இழுத்தது வேறு ஆள்.

அந்த ஆள் பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர். 2என்3055 என்று ஒரு கிழம் உண்டு. இரும்புத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும், 1960-களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனி கொண்டுவந்தது, ஊர்ப்பட்ட ஆம்ப்ளிஃபயர்களில் உழைத்தது. இது உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. பளபளவென்று சிரிக்கும். அதன் எமிட்டரில் காவலுக்கு நிற்கிற வெள்ளைச் செங்கல் மாதிரியான ரெசிஸ்டர்தான் வெந்து சாகும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், நம் தொழில் அது. கரன்ட்டை அதே கரன்ட்டால் பெருக்கி, ஓம்ஸால் பெருக்கினால் சூடு எத்தனை வாட் என்று வரும். ரெசிஸ்டர் 0.33 ஓம், தாங்குவது 5 வாட் என்று வையுங்கள். 2 ஆம்பியர் போனால் சூடு 1.3 வாட். ஜாலியாக இருப்பார். 4 ஆம்பியர் போனால் 5.3 வாட், வியர்த்துக் கொட்டும். கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு, கந்துவட்டி தோற்றது! டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி 10 ஆம்பியர் பாய்ந்தால் 33 வாட். ஐந்து பேர் உட்காரும் ஷேர் ஆட்டோவில் முப்பத்து மூன்று பேர்.

சின்னமனூரில் எனக்குப் பழக்கமான ரேடியோ மெக்கானிக் ஒருவர், கருகின ரெசிஸ்டரைக் கடைசியாகத்தான் தொடுவார். 'எரிஞ்சதை விடு தம்பி, அது எங்கயும் ஓடிப்போகாது. எரிச்சவன் யாருன்னு பாரு' என்பார். முதலில் பிளக்கைப் பிடுங்குவார். அப்புறம் சப்ளை கண்டென்சரில் மிச்சமிருக்கிற சார்ஜை ஒரு பல்பு வழியாக இறக்குவார். (ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'பட்'டென்று ஷார்ட் அடிக்கிற வீரர்கள் கவனிக்கவும். பழைய வால்வு செட்டில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கும்.) பிறகு டிரான்சிஸ்டரைக் கழற்றி மல்ட்டிமீட்டரில் பார்ப்பார். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே எந்தப் பக்கம் வைத்தாலும் 'பீப்' என்று கத்தினால் ஆசாமி அவுட். ஜோடி டிரான்சிஸ்டரையும், இரண்டையும் ஓட்டுகிற டிரைவர் டிரான்சிஸ்டரையும் சேர்த்துச் சோதிப்பார். ஒன்று போகும்போது பக்கத்தில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டு போவது வழக்கம்.

கருகினதில் கலர் கோடு அழிந்திருந்தால் மதிப்பு எப்படித் தெரியும்? கண்ணை நம்பக் கூடாது. சிவப்பு, சிவப்பு, பிரவுன் என்றால் 220 ஓம். சூட்டில் சிவப்பு கறுத்து பிரவுனாகத் தெரிந்தால் 110 என்று படித்துத் தொலைப்போம். ஸ்டீரியோவாக இருந்தால் வேலை சுலபம், அடுத்த சேனலில் அதே இடத்தில் நல்ல நிலையில் ஒரு இரட்டைப் பிறவி இருக்கும். ஒரு காலை மட்டும் போர்டிலிருந்து தூக்கிவிட்டு அளக்க வேண்டும். தூக்காமல் அளந்தால் பக்கத்து வழிகளும் சேர்ந்து மீட்டர் குறைத்துச் சொல்லும். இரட்டைப் பிறவி இல்லையென்றால், கருகின இடத்தைச் சுரண்டி, இந்த முனையிலிருந்து அதுவரை, அந்த முனையிலிருந்து அதுவரை அளந்து கூட்டினால் உத்தேசமாக ஒரு நம்பர் வரும்.

'எதுக்கு வம்பு, 10 வாட்டாப் போட்டுரு' என்று சொல்கிற புத்திசாலிகள் உண்டு. இவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான் ஃபியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர்கள். கிளார்க் மாட்டாமல் தப்பித்தால் அடுத்து எரியப்போவது டிரான்ஸ்ஃபார்மர். அதன் விலை தெரியுமல்லவா?

டிரான்சிஸ்டர் மட்டும் ஏன் ஷார்ட் ஆனது? அதற்கும் மேலே ஒரு மேலதிகாரி இருக்கிறார். விழாக் கமிட்டி. 16 ஓம் குழாய் நாலைப் பக்கவாட்டில் இணைத்தால் 4 ஓம். ஆம்ப்ளிஃபயர் குறைந்தபட்சம் கேட்பது அந்த 4 ஓம்தான் என்றால் அதோடு நிறுத்த வேண்டும். 'பக்கத்து ஊர்க்காரன் எட்டுக் குழாய் கட்டுனாண்ணே, நமக்கும் எட்டு' என்று ஏற்றினால் 2 ஓம் ஆகிவிடும், கரன்ட் இரட்டிக்கும். மேலே போட்ட கணக்கை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் மத்திய அரசு விதி போட்டது. சில ஊர்களில் அதை அமல்படுத்துவதே ரெசிஸ்டர்தான்.

இப்போது புது ஃபேஷன், 'ரிப்பேரெல்லாம் வேணாம்ணே, போர்டையே மாத்திருவோம்.' மாற்றலாம். எட்டுக் குழாயும் மரத்தில்தான் இருக்கிறது, புது போர்டும் அடுத்த திருவிழாவில் புகையும். சீசனில் சம்பாதித்து வருஷம் முழுக்கச் சாப்பிடுகிற செட்டுக்காரருக்கு ஒரு ராத்திரி பாட்டு நின்றால் வாடகை போகும், அடுத்த வருஷத்து ஆர்டரும் போகும்.

எல்லாம் மாற்றிய பிறகும் மெக்கானிக் நேராக மெயினில் சொருக மாட்டார். நடுவில் சீரியஸ் லாம்ப், அதாவது 100 வாட் குண்டு பல்பு ஒன்று. பல்பு ஒரு தடவை மின்னி அடங்கினால் செட் ஓகே. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே இன்னும் திருடன் இருக்கிறான். ஆனால் கரன்ட்டைப் பல்பு வாங்கிக்கொள்வதால் புது ரெசிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவாது. குண்டு பல்புக்கோ இப்போது கடை கடையாக ஏற வேண்டியிருக்கிறது. உத்தமபாளையம், போடி பக்கம் எந்தக் கடையிலாவது பழைய ஸ்டாக் கண்ணில் பட்டால் இரண்டு வாங்கி வையுங்கள். சின்னமனூரில் ஒருவர் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வார்.