கோலிக்குண்டும் ஒரு பெயரும்



சிறுவயதில் நான் செய்த பிழையொன்றை இத்திங்கள் உங்கள்முன் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருமுனையில் சோடாக்கடை வைத்திருந்த பெரியவர், கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, கனத்த கண்ணாடிப் புட்டி ஒன்றை என் அன்னையிடம் நினைவாகக் கொடுத்துச் சென்றார். அதன் கழுத்திலிருந்த கோலிக்குண்டுக்கு ஆசைப்பட்டு, ஒரு நண்பகலில் அதைக் கல்லில் மோதி உடைத்தேன். கோலி கிடைத்தது, சில நாள்களில் தொலைந்தும் போயிற்று. புட்டியின்மேல் புடைப்பெழுத்துகளில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. அதை நான் படிக்கவேயில்லை.

பழைய சோடாப் புட்டிகளைத் தேடிச் சேர்த்து, அவற்றின் வரலாற்றை ஆராய்வோர் பல நாடுகளில் உளர் என்பதைப் பின்னாளில் அறிந்தபோதுதான் இழப்பு விளங்கிற்று.

தண்ணீரில் கரியமிலவாயுவைக் கரைக்கும் வழியை 1767-இல் கண்டவர் ஜோசப் பிரீஸ்ட்லி. இவர் ஆங்கில நாட்டுச் சமய போதகர். அந்நீரை 1783-இல் ஜெனீவாவில் வணிகப் பொருளாக்கினார் ஜேக்கப் ஷ்வெப். ஆனால் வாயுவை அடைத்துவைப்பது அரிதாயிருந்தது. தக்கை உலர்ந்து சுருங்கினால் வாயு வெளியேறிவிடும். ஆகவே, நிற்க இயலாத முட்டை வடிவப் புட்டிகள் தோன்றின. படுத்தே கிடப்பதால் தக்கை எந்நேரமும் நனைந்திருக்கும். 1872-இல் ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர் தக்கையையே நீக்கினார். உள்ளேயிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி, ரப்பர் வளையத்தோடு இறுக்கும்படி அவர் அமைத்ததே நம் கோலி சோடாப் புட்டி. 1892-இல் வில்லியம் பெயின்டர் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். காலப்போக்கில் அம்மூடி கோலியைப் பல நாடுகளில் ஒதுக்கிவிட்டது.

ஏராளமாக வார்க்கப்பட்ட புட்டிகள் இன்று ஏன் அரியன? ஒரு காரணம் என் போன்ற சிறுவர்களே! கோலியை உள்ளேயிட்ட பின்னரே வாயைக் குறுக்கி முடித்தமையால், உடைத்தாலன்றி அது வெளிவராது. இங்கிலாந்திலும் பிள்ளைகள் இவ்வாறே உடைத்தனர்.

புட்டியின் வயதை அதன் உடலே சொல்லும். பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோடு வாய்விளிம்புக்குக் கீழேயே மறைந்தால், வாய் கையால் முடிக்கப்பட்டது என்று கொள்ளலாம். கோடு விளிம்பையும் கடந்தால், பெரும்பாலும் இயந்திர வார்ப்பு. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903-இல் வந்தது. ஆயினும், சிறு பட்டறைகள் பின்னரும் கைவேலையைக் கைவிடாமையால், கோட்டை மட்டும் நம்பலாகாது. வெளிர்பச்சை நிறம் மணலிலுள்ள இரும்பினால் வருவது. பெயர்கள் இரண்டு காணப்பட்டால், ஒன்று புட்டி வார்த்தவருடையதாகவும் மற்றது சோடா நிரப்பியவருடையதாகவும் இருக்கலாம். பழமைபோல் தோன்றும் புதுப் புட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. விலை கொடுப்போர் விழிப்பாயிருத்தல் நலம்.

இங்கிலாந்தின் சேகரிப்பாளர்கள் புட்டியிலுள்ள பெயரைப் பழைய வணிகர் விவரப் புத்தகங்களில் தேடி, கடை இருந்த தெருவையும் காலத்தையும் கண்டறிகின்றனர். நம் சிற்றூர்ச் சோடாக்கடைக்காரர் பலர் எந்த ஏட்டிலும் இடம்பெறாதவர்கள். அவர்களுக்கு அந்தக் கண்ணாடியே கல்வெட்டு.

உங்கள் பரணில் அத்தகைய புட்டி கிடந்தால், பழைய இரும்புக் கடைக்கு அனுப்புமுன் பெயரைப் படியுங்கள். வீட்டு முதியோரிடம், “இவர் யார்? கடை எங்கிருந்தது?” என்று கேட்டு, அவர்கள் சொல்வதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். நான் கேட்க நினைத்தபோது, சொல்ல வல்ல என் அன்னை உயிரோடு இல்லை.